நான்கு கட்டத்தில் அடங்கிய அண்ணன்

அண்ணன் பெயர் குறுக்கெழுத்துப் புதிரில் வந்த ஞாயிற்றுக்கிழமை, அதைக் கட்டத்தில் எழுதியது நான்தான். அவனுடைய இரண்டு உள்ளங்கைகளிலும் கட்டு இருந்தது. பேனா பிடிக்க முடியாது. அவன் சொல்வான், நான் எழுதுவேன். துணிக் கிடங்கின் வாசலில் காவலாளியாக இருந்த காலமெல்லாம் ஒரு ஞாயிறுகூட அவன் புதிரை விட்டதில்லை. கை வெந்துபோன பிறகும் விடவில்லை.

"மேலிருந்து கீழ், பதினாலு," என்று படித்தேன். "துணிக் கிடங்கில் தீ மூட்டியவர், கோடிட்ட இடம். நாலு கட்டம்."

"நம்ம கிடங்கா?"

"வேற எந்தக் கிடங்கு எரிஞ்சுது?"

அண்ணன் யோசித்தான். "முதலாளி பேரு நாலுல அடங்காதே. சரி, குறுக்கே வர்றதையெல்லாம் முதல்ல போடு."

போட்டேன். ஒரு பறவை, ஒரு பாத்திரம், ஒரு நதி, ஒரு தோல் நோய். நான்கும் விழுந்ததும் பதினான்காவது தானாகவே நிரம்பிவிட்டது. மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தேன். பிறகு கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்தேன். அப்படிப் படித்தால் வேறு ஏதாவது வருமோ என்று.

அடுப்படியிலிருந்து அண்ணி கேட்டாள்: "என்ன வந்துது?"

"நான்தான் வந்திருக்கேன்," என்றான் அண்ணன்.

"பொருந்துதா?"

"கச்சிதமா."

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்று காலை நாற்பதாயிரம் பேர் அதை எழுதினார்கள். அவர்களில் நானும் ஒருத்தி. அது போதும்.

கிடங்கில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். துணி மடிக்கும் பெண்கள் உள்ளே வேலை செய்யும்போது யாரும் ஒரு முழத் துணியைக்கூட வெளியே கடத்திவிடக் கூடாது என்பதற்காக, முதலாளி கதவை வெளியே பூட்டி சாவியைத் தன் காரில் வைத்துக்கொள்வார். சுவரில் ஓடிய மின்கம்பி பல காலமாக உருகிக்கொண்டிருந்தது. அன்று பிற்பகல் அது பற்றியது. சாவி காரில் இருந்தது, கார் ஊரின் மறுபக்கத்தில் இருந்தது. அண்ணன் ஒரு இரும்புக் கம்பியால் பூட்டை நெம்பி, பழுக்கக் காய்ந்திருந்த கதவை இரண்டு கைகளாலும் தள்ளித் திறந்தான். ஒருத்தியைத் தவிர எல்லாப் பெண்களும் வெளியே வந்தார்கள்.

நான் அங்கே இல்லை. மருந்து மொத்தக் கடையில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே இதை அண்ணன் சொன்னபடியும் வெளியே வந்த பெண்கள் சொன்னபடியும் எழுதுகிறேன். கண்ணால் பார்க்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் என்னிடம் அதைத்தான் கேட்டார்கள்.

ஒரு புதிரில் பெயர் வந்ததற்கு இத்தனை பதற்றமா என்று யாரும் கேட்கலாம். எங்கள் ஊரில் புதிரைப் போடுவது பத்திரிகை அல்ல, பொது அறிவுக் கழகம். எல்லாப் பத்திரிகைகளுக்கும் அங்கிருந்துதான் புதிர் வருகிறது. வேலைத் தேர்வுகளின் பொது அறிவுக் கேள்விகள் அந்தப் புதிரிலிருந்து எடுக்கப்படுகின்றன. பள்ளிப் பாடங்கள் அந்தக் கேள்விகளிலிருந்து எழுதப்படுகின்றன. விசாரணை அதிகாரிகள் பொது அறிவுக்கு முரணாக எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கிடங்குத் தீயை விசாரித்த அதிகாரி மூன்று வாரமாக எதுவும் எழுதாமல் இருந்தார். புதிர் வந்த மறுநாள் அவர் பேனாவைத் திறந்தார் என்று சொன்னார்கள். அறிக்கை முடிவதற்குள் கழகம் அந்த விடையைத் திருத்தாவிட்டால் அண்ணன் சிறைக்குப் போவான்.

திங்கட்கிழமை கடையில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கழகத்துக்குப் போனேன்.

கழகத்தின் கூடம் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகத் தளம் போட்டிருந்தார்கள். வருகிறவர்கள் வெள்ளையில் மட்டும் கால் வைக்க வேண்டும். சுவரோரம் ஒரு வரிசை நாற்காலிகள்; அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் கறுப்பு வண்ணம் அடித்திருந்தது. உள்ளே நான்கு பிரிவுகள்: இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். ஒரு பிரிவின் தாள் அந்தப் பிரிவின் திசையில் மட்டுமே நகரும். அண்ணனைப் பற்றியது மேலிருந்து கீழ் என்பதால் என் மனுவை மூன்றாம் மாடியில் வாங்கிக்கொண்டார்கள். அது இரண்டாம் மாடிக்கு இறங்கியது, முதல் மாடிக்கு இறங்கியது, மாலையில் வாசலுக்கு வந்து என் கையிலேயே சேர்ந்தது.

"கீழ வந்துடுச்சு இல்ல, முடிஞ்சுது," என்றார் வாசல் சிப்பந்தி.

"ஒருத்தரும் படிக்கவே இல்லையே?"

"இறங்குற வேகத்துல எப்படிம்மா படிப்பாங்க?"

"கீழிருந்து மேல் பிரிவுல கொடுக்கலாமா?"

"தாராளமா கொடுக்கலாம். தாள் மேல ஏறத் தனிப் படிக்கட்டு கட்டினதும் முதல்ல ஏறறது உங்களுதுதான்."

அவருக்கே என்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கோடிட்ட இடப் பிரிவின் கண்காணிப்பாளர் மாலையில் தேநீர் குடிக்கக் கீழே வருவார், அப்போது பிடித்துக்கொள் என்றார். பிடித்துக்கொண்டேன்.

கண்காணிப்பாளர் சாந்தமானவர். தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். எனக்கும் ஒன்று சொன்னார். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடவே இல்லை. குறுக்கெழுத்துக்காரர் என்பதால் அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"புதிரை முழுசா போட்டீங்களாம்மா?"

"போட்டேன் சார்."

"எல்லாக் கட்டமும் நிரம்புச்சா?"

"நிரம்புச்சு."

"எங்கயாவது இடிச்சுதா?"

"இல்லை."

"அப்புறம் தப்புன்னு எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டு, பையிலிருந்து புதிரை எடுத்து மேஜையில் விரித்தார். "இங்க பாருங்க. உங்க அண்ணனுக்கு எதிரா நாலு சாட்சி. ஒண்ணு பறவை, ஒண்ணு பாத்திரம், ஒண்ணு நதி, ஒண்ணு சொறி. இதுல யாருக்காவது உங்க அண்ணன் மேல முன்பகை உண்டா?"

"இல்லை சார்."

"யாரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசி வச்சுக்கிட்டுச் சொன்னதா தெரியுதா?"

"இல்லை."

"ஒரு நீதிமன்றத்துல இப்படி நாலு சாட்சி கிடைக்குமா? மனுஷன் மாத்திச் சொல்லுவான். நதி மாத்திச் சொல்லாதும்மா."

கம்பி உருகித்தானே தீப்பிடித்தது, மின்கசிவு என்று போட்டிருக்கலாமே என்றேன். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"மின்கசிவு அஞ்சு கட்டம். எங்களுக்கு வேண்டியது நாலு. அதுவும் போக, மின்கசிவை எப்படி ஜெயில்ல போடறது?"

"கதவைப் பூட்டினது முதலாளி. அவர் பேரைப் போட்டிருக்கலாமே?"

முதன்முறையாக அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"முதல்ல அவர் பேரைத்தாம்மா போட்டுப் பார்த்தோம். நாங்க யாருக்கும் பயப்படற ஆளுங்க இல்லை. தொழிற் செம்மல், கொடை மாமணி, நெசவுக் காவலர், அப்புறம் ரெண்டு முனைவர் பட்டம், எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டு எழுத்து. எங்க சதுரம் பதினஞ்சுக்குப் பதினஞ்சு. எங்க கொண்டுபோய் வைக்கறது?"

"பட்டம் இல்லாம வெறும் பேரை..."

"பெரியவங்க பேரை வெட்டிச் சொல்ற பழக்கம் எங்க கழகத்துல கிடையாது. மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க படிச்ச பொண்ணு, அதனால சொல்றேன். எங்க பழைய புதிரையெல்லாம் எடுத்துப் பாருங்க. வண்டியைக் கவிழ்த்தவர், பாலத்தை இடிச்சவர், தண்ணித் தொட்டியில விஷம் கலந்தவர், எல்லாருமே மூணு நாலு கட்டத்துக்குள்ள அடங்கிடுவாங்க. ஒருத்தர்கூட அதைத் தாண்டினதில்லை. இதுல ஒரு ஒழுங்கு தெரியுதா இல்லையா? குற்றம் செய்யறதே சின்னப் பேருக்காரங்கதாம்மா. அறிவியல்பூர்வமா நிரூபிச்சிருக்கோம்."

தேநீரைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு இன்னொரு குறிப்பு வந்தது. "துணிக் கிடங்குத் தீயில் உயிரிழந்தவர் எவரும் கோடிட்ட இடம். மூன்று கட்டம்." அண்ணன் குறிப்பை இன்னொரு முறை படிக்கச் சொன்னான். பிறகு, "இல்லை," என்றான். அது விடையா மறுப்பா என்று எனக்குப் புரியவில்லை. எழுதவா என்று கேட்டேன். எழுது என்றான்.

மறுநாள் கழகக் கூடத்தில் ஒரு பெண்மணி கறுப்பு நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். கிடங்கிலிருந்து வெளியே வராதவளின் அம்மா. மகளின் சாப்பாட்டு டப்பாவை மடியில் வைத்திருந்தாள். மூடி நெளிந்து கருகியிருந்தது. கண்காணிப்பாளர் அவள் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். அவர் யாரிடமும் மரியாதைக் குறைவாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

"உங்க பொண்ணு சாகலைன்னுதானேம்மா நாங்க சொல்லியிருக்கோம்? எத்தனையோ அம்மாமாருங்க இப்படி ஒரு வார்த்தை கேட்க மாட்டோமான்னு தவிச்சுக் கிடக்கறாங்க. உங்களுக்கு நாற்பதாயிரம் பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. இதுக்கு அழறதா?"

"அவளை நான்தான் சார் அடையாளம் காட்டினேன்."

"நீங்க ஒரே ஒருத்தர்ம்மா."

"அப்ப என் பொண்ணு எங்க?"

கண்காணிப்பாளர் யோசித்தார். "அது அடுத்த புதிருக்கு நல்ல கேள்வி," என்றார், உண்மையான அக்கறையோடு. "எத்தனை எழுத்துல வேணும்?"

அந்த அம்மா எழுந்து போனாள். டப்பாவை நாற்காலியிலேயே விட்டுவிட்டாள். வாசல் சிப்பந்தி அதை எடுத்து, கறுப்பாக இருந்ததால் கறுப்புக் கட்டத்தில் வைத்தார்.

அன்று கண்காணிப்பாளரே எனக்கு வழி சொன்னார். வெளியாள் சொன்னால் அது புகார். கழகத்தின் சான்றிதழ் பெற்ற புதிர்க் கட்டமைப்பாளர் சொன்னால் அது திருத்தம். புகாரைக் கழகம் பெற்றுக்கொள்ளும். திருத்தத்தைக் கழகம் வெளியிடும். மாலை நேர வகுப்பு அந்த வாரமே தொடங்குகிறது. அதிகாரி அறிக்கையை முடிப்பதற்குள் தேர்வும் வந்துவிடும். "உங்களை மாதிரி முறையா யோசிக்கிறவங்கதாம்மா எங்களுக்கு வேணும்," என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியம் எனக்கு இனித்துக்கொண்டே இருந்தது. இனித்திருக்கக் கூடாது.

வகுப்பு இரண்டாம் மாடியில். ஆசிரியை உயரமானவர், எப்போதும் சிரித்த முகம். முதல் நாள் எல்லோருடைய பையையும் சோதித்து, அழிப்பான்களை வாங்கி ஒரு வாளியில் போட்டார்.

"இனிமே பேனா மட்டும்தான். அழிக்கலாம்னு ஒரு நினைப்பு இருக்கிறவரைக்கும் உங்களுக்கு உண்மையைப் பத்தி சந்தேகம் வந்துக்கிட்டே இருக்கும்." கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்தார். "முதல்ல வர்றது கட்டம். அப்புறம் கட்டத்துக்கு ஏத்த சொல். அப்புறம் சொல்லுக்கு ஏத்த குறிப்பு. உண்மை எப்ப வரும்?"

எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"கடைசியா வரும். வரலைன்னாலும் பரவாயில்லை. அதுக்குள்ள இடம் நிரம்பியிருக்கும்."

நான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அன்றன்றைய பாடத்தை ஒழுங்காகத் திருப்பி எழுதினேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து, கட்டை அவிழ்த்துப் புதுத் தோல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். விரல்கள் உள்பக்கமாக மடங்கி, அப்படியே நின்றுவிட்டன.

மூன்றாம் வாரம் செய்முறைப் பயிற்சி. "ஏரியை முதன்முதலில் நீந்திக் கடந்த பெண், கோடிட்ட இடம்," என்று ஆசிரியை பலகையில் எழுதினார். மூன்று கட்டம் தேவை. உண்மையில் கடந்தவள் பெயர் ஆறு கட்டம். "நம்ம வகுப்புல மூணு கட்டத்துல யாரு?" என்று கேட்டார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரப் பெண் கூச்சத்தோடு கையைத் தூக்கினாள். எல்லோரும் கைதட்டினோம். அந்த ஞாயிறு அவள் பெயர் வந்தது. பள்ளிக்கூடங்களில் பரிசு வழங்கக் கூப்பிட்டார்கள். குழந்தைகள் கையெழுத்துக் கேட்டார்கள். நல்ல புடவை ஒன்று எடுத்துக்கொண்டாள். "எனக்கு முழங்கால் தண்ணியிலயே தலை சுத்தும்," என்று என்னிடம் ரகசியமாகச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு ஏரிக்கரையில் அவளுக்குப் பாராட்டு விழா நடந்தது. மேடை, வாத்தியம், கூட்டம். கழகத் தலைவர் பேசி முடித்ததும், இந்தச் சாதனையை இன்னொரு முறை நம் கண்முன்னால் நிகழ்த்துவார் என்று அறிவித்தார்கள். அவள் மறுத்ததாகத் தெரியவில்லை. நாற்பதாயிரம் பேர் எழுதியதை ஒருத்தி எப்படி மறுப்பாள்? படிக்கட்டில் இறங்கும்போது புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த வகுப்பில் ஆசிரியை சிறிது நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு அவள் நாற்காலிக்குக் கறுப்பு வண்ணம் பூசச் சொன்னார். கூடத்தின் சுவரோரத்துக் கறுப்பு நாற்காலிகள் எங்கிருந்து வந்தன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"மேடம், அவளுக்கு நீந்தத் தெரியாது," என்றேன்.

"யார் சொன்னா?"

"அவளே சொன்னா."

"அவ சொன்னது ஒரு ஆள் சொன்னது. நீ எதையாவது கண்ணால பார்த்தியா?"

"இல்லை மேடம்."

"உங்க அண்ணன் விஷயமும் எனக்குத் தெரியும். அன்னிக்கு நீ கிடங்குல இருந்தியா?"

"இல்லை."

"அவன் கையில வெந்த காயம். தீ வைக்கிறவன் கையும் வேகும், கதவைத் திறக்கிறவன் கையும் வேகும். சரியா?"

சரி என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. நியாயமான கேள்வி. அன்று வீட்டுக்குப் போனதும் முதல்முறையாக அண்ணனின் உள்ளங்கையை வேறு விதமாகப் பார்த்தேன். கதவைத் தள்ளினால் உள்ளங்கை வேகும், தீக்குச்சி பிடித்தால் விரல்நுனி வேகும் என்று நானே எனக்குள் வாதாடினேன். அவன் விரல்நுனிகளும் வெந்திருந்தன.

"என்ன பார்க்கற?" என்றான்.

"ஒண்ணுமில்லண்ணா."

தேர்வுக்கு முந்தின நாள் அவனிடம் கேட்டேன், கிடங்குக் குறிப்பு வினாத்தாளில் வந்தால் என்ன செய்வது என்று. எனக்கு எப்போதுமே எதையும் முன்கூட்டி யோசித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"வந்தா என் பேரை எழுதிடு."

"எப்படிண்ணா எழுதறது?"

"எழுதினாத்தானே பாஸாவ? பாஸானாத்தானே மாத்த முடியும்? ஏற்கெனவே ஒரு தடவை நீதானே எழுதின. இன்னொரு தடவை எழுதினா என்னைக் கொண்டுபோய் ரெண்டு தடவையா அடைச்சிடுவாங்க?"

அவன் சிரித்தான். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பை நிறுத்தாமல் கேட்டாள்: "எழுதினப்புறம் மாத்த முடியுமா?"

"சான்றிதழ் இருந்தா முடியும் அண்ணி. விதி இருக்கு."

"விதி இருக்கும்," என்றாள் அண்ணி.

கேள்வி பதினான்காவதாகவே வந்தது. எண்ணைக்கூட மாற்றவில்லை. மற்ற எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அதை மட்டும் விட்டுவைத்தேன். ஆசிரியை வரிசைகளுக்கு நடுவே நடந்துவந்து என் அருகில் நின்றார்.

"கோட்டைக் கோடாவே விட்டா என்ன அர்த்தம் தெரியுமா?"

"தெரியாதுன்னு அர்த்தம் மேடம்."

"தெரிஞ்சுக்க மறுக்கறன்னு அர்த்தம். முழுத் தாளும் செல்லாது."

நான் எழுதினேன். நான்கு எழுத்து. என்ன எழுதுகிறோம் என்று பார்க்காமல் எழுதிவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் கட்டத்துக்குள் அழகாக விழ வேண்டும் என்று கை தானாகவே கவனம் எடுத்துக்கொண்டது.

முதல் இடம் எனக்கு. சான்றிதழ் வழங்க வந்தவர் கிடங்கு முதலாளி. அவர் பெயரைப் பட்டங்களோடு அறிவித்து முடிப்பதற்குள் வாத்தியக்காரர்கள் ஒருமுறை தொடங்கிவிட்டு, அசடு வழிந்து நிறுத்திக்கொண்டார்கள். வெள்ளை உடையில், மெலிந்த, மென்மையான கைகளோடு இருந்தார். சான்றிதழை என் கையில் கொடுத்து, ஒலிபெருக்கிக்குக் கேட்காதபடி பேசினார்.

"நானும் சின்ன வயசுலேர்ந்து புதிர் போடறவன்தாம்மா. இத்தனை வருஷத்துல என் பேரு ஒரு தடவைகூட கட்டத்துல வந்ததில்லை. உன் அண்ணன் கொடுத்து வச்சவன்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. பொய்யாகத் தெரியவில்லை.

மேடையிலிருந்து இறங்கியதும் நேராகக் கண்காணிப்பாளரிடம் போனேன். அன்றைய விழாவுக்காக அவர் புதுச் சட்டை போட்டிருந்தார். திருத்தத்தை முறைப்படி எழுதி, சான்றிதழின் நகலை இணைத்து வைத்திருந்தேன். அவர் நின்றபடியே கவனமாகப் படித்தார்.

"அற்புதமா எழுதியிருக்கீங்க. ஒரு பிழை இல்லை," என்றார். "ஒரே ஒரு சின்ன விஷயம். பதினாலாவது கேள்விக்கு நீங்க என்ன எழுதினீங்க?"

"அது... தேர்வுக்காக எழுதினது சார்."

"அப்படின்னா?"

"உண்மை அது இல்லைன்னு எனக்குத் தெரியும். பாஸாகணும்னு எழுதினேன்."

அவர் முகம் வாடியது. "அப்ப தெரிஞ்சே பொய்யான விடை எழுதிச் சான்றிதழ் வாங்கினீங்களா? பொய்யா வாங்கின சான்றிதழ் செல்லாதேம்மா. செல்லாத சான்றிதழை வச்சுத் திருத்தம் கொடுக்க முடியாதே."

"இல்லை சார்..."

"இல்லை, உண்மைன்னு நம்பித்தான் எழுதினீங்கன்னா சான்றிதழ் செல்லும். ஆனா அப்ப திருத்தறதுக்கு என்ன இருக்கு?" தோளில் தட்டிக்கொடுத்தார். "எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அவசரமே இல்லை. நாளைக்குச் சொன்னாக்கூடப் போதும்."

மாடிப்படியருகே நின்று வெகுநேரம் யோசித்தேன். இரண்டில் எது சரி என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. நான் அங்கே இல்லை. இருந்திருந்தால் தெரிந்திருக்கும்.

மறுநாள் நான் போவதற்கு முன்பே என் விடைத்தாள் விசாரணை அதிகாரிக்குப் போய்விட்டிருந்தது. கண்காணிப்பாளர் மகிழ்ச்சியாக இருந்தார். "இதுவரைக்கும் ஒரு பறவை, ஒரு பாத்திரம்னு வச்சுக்கிட்டு ஓட்டிக்கிட்டிருந்தோம். பாவம், அதிகாரிக்கும் மனசு ஒப்பலை. இப்பத்தான் ஒரு மனுஷ சாட்சி கிடைச்சிருக்கு. அதுவும் முதல் இடம் வாங்கின சாட்சி." எனக்கும் ஒரு தேநீர் சொன்னார். குடித்தேன்.

அறிக்கை அந்த வாரமே முடிந்தது. திங்கட்கிழமை காலை வந்து அண்ணனைக் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஞாயிறு காலை அவன் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தான். கட்டுகளை அவிழ்த்தாகிவிட்டது. கைகள் இரண்டும் எதையோ பிடித்துக்கொண்டிருப்பதைப் போலவே மடங்கியிருந்தன. விடைத்தாள் போன விஷயத்தை அவன் இதுவரை என்னிடம் கேட்கவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.

"என்ன பார்த்துக்கிட்டிருக்க? படி," என்றான்.

வழக்கம்போல் ஒவ்வொன்றாகப் படித்தேன், அவன் சொன்னான், எழுதினேன். ஏழாவதில் நிறுத்திவிட்டேன்.

"என்ன?"

"இடமிருந்து வலம், ஏழு. துணிக் கிடங்குத் தீயில் குற்றவாளியை உறுதிப்படுத்தியவர் அவருடைய..." தாளைக் கண்ணருகே கொண்டுவந்தேன். "அவருடைய சொந்த, கோடிட்ட இடம். மூணு கட்டம்."

அண்ணன் சன்னலைப் பார்த்தான். சட்டென்று சொன்னான்: "மனைவி."

"அண்ணா..."

"மூணுதானே கேட்கறான்? ம, னை, வி. மூணு. எழுது."

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். தாளின் மேல் அவள் நிழல் விழுந்தது.

"நடு எழுத்துக்குக் குறுக்கே என்ன வருது?"

"விடு," என்றான் அண்ணன்.

"என்ன வருதுன்னு கேட்டேன்."

படித்தேன். "மேலிருந்து கீழ், நாலு. கிளைக்குக் கிளை தாவும் விலங்கு. நாலு கட்டம். மூணாவது எழுத்து இதுல விழுது."

"குரங்கு," என்றாள் அண்ணி. "ங் வருது. மனைவி பொருந்தாது."

அண்ணன் என் பக்கம் கையை நீட்டினான்.

"பேனாவைக் கொடு. இதை நானே எழுதறேன்."

பேனாவை அவனுடைய மடங்கிய இரண்டு கைகளுக்கும் நடுவில் செருகிவிட்டேன். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினான். த. பிறகு ங். பிறகு கை. நெடுநேரம் ஆனது. ஒரு கோடுகூடக் கட்டத்தைத் தாண்டவில்லை.

"பொருந்துதா?" என்று கேட்டாள் அண்ணி. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தாளை அல்ல, என்னை.

பதில் சொல்லும்வரை அவள் நகரமாட்டாள் என்று தெரிந்தது.

"கச்சிதமா," என்றேன்.